பள்ளிக்காக விளையாடச் சங்கத்தில் சேர வேண்டுமா?

ஒரு மாணவர் தம் பள்ளியின் சார்பில் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதற்கோ, கபடி ஆடுவதற்கோ, சதுரங்கப் பலகையின் முன் அமர்வதற்கோ, அந்த விளையாட்டை நிர்வகிக்கும் சங்கத்தில் முன்னதாகப் பெயரைப் பதிவு செய்து, கட்டணம் கட்டி, அடையாள எண் பெற்றிருக்க வேண்டுமா என்னும் கேள்வி, குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் காலத்தில் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரிடம் எழுகிறது. தனியார் பயிற்சி மையங்களில் கிடைக்கும் அரைகுறைத் தகவலும், ஒரே விளையாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உரிமை கோரும் நிலையும், உரிய சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரி இடம் கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சமும் சேர்ந்து, இந்தக் கேள்வியைத் தேவைக்கு மேல் சிக்கலாக்கிவிட்டன. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் ஆடுவதற்குப் பள்ளி மாணவர் என்ற தகுதியே அடிப்படை, சங்கப் பதிவு வேண்டியதில்லை என்பதே இதற்கான நேரான விடை. ஆயினும், பள்ளியின் எல்லை எங்கே முடிந்து சங்கத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தால்தான் அந்த விடை பெற்றோருக்கு முழுமையாகப் பயன்படும்.

சங்கங்களுக்கு முன்பே பள்ளிகள்

இன்று உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டுகள் சிலவற்றின் வரலாற்றைப் புரட்டினால், பள்ளி விளையாட்டு முதலில் தோன்றியது என்பதும், அதன் பின்னரே நிர்வாக அமைப்புகள் வந்தன என்பதும் தெளிவாகும். இங்கிலாந்தின் ரக்பி பள்ளி மாணவர்கள் தங்கள் ஆட்டத்துக்கான விதிகளை 1845ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்தனர். கால்பந்துச் சங்கம் லண்டனில் 1863ஆம் ஆண்டிலும், ரக்பி ஒன்றியம் 1871ஆம் ஆண்டிலும்தான் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பள்ளியும் தனக்கென்று ஒரு விதிமுறையை வைத்துக்கொண்டு ஆடியதால், அப்பள்ளிகளை விட்டு வெளியேறிய இளைஞர்கள் பல்கலைக்கழகங்களிலும் கழகங்களிலும் ஒன்றுகூடி ஆடியபோது, யாருடைய விதியைப் பின்பற்றுவது என்ற சச்சரவு எழுந்தது. அதைத் தீர்ப்பதற்காகவே பொது விதிகளும், அவற்றைக் காக்கும் சங்கங்களும் தேவைப்பட்டன. பள்ளிகளுக்கிடையே போட்டிகளை நடத்துவதற்குப் பள்ளிகளே கூடித் தமக்கான அமைப்புகளையும் உருவாக்கிக்கொண்டன. இங்கிலாந்தின் பள்ளிகள் கால்பந்துச் சங்கம் 1904ஆம் ஆண்டில் அப்படித் தோன்றியது.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவானது. அங்கே ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1920ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இச்சங்கங்களில் உறுப்பினராக இருப்பவை பள்ளிகளே ஆதலால், மாணவர் தம் பள்ளியின் வழியாகவே களம் இறங்குகிறார். டென்னசி மாநிலத்தின் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்கும் பிரென்ட்வுட் அகாடமி என்ற பள்ளிக்கும் இடையில் எழுந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு இங்கே கருதத்தக்கது. அச்சங்கத்தின் உறுப்பினர்களுள் மிகப் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள் என்பதால், பெயரளவில் அது தனியார் அமைப்பாக இருந்தாலும் அதன் செயல் அரசின் செயலாகவே கொள்ளத்தக்கது என்றும், அரசமைப்புச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டது என்றும் நீதிமன்றம் கூறியது. பிள்ளைகளின் விளையாட்டை ஆளும் அமைப்பு தன்னைத் தனியார் மன்றம் என்று சொல்லிக்கொண்டு பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

இந்தியாவிலும் இந்த மரபு பழமையானது. மும்பையில் ஹாரிஸ் கேடயம் என்ற பள்ளிக் கிரிக்கெட் போட்டி 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் நடைபெற்று வருகிறது. 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்தப் போட்டியில் சாரதாஸ்ரம் வித்யாமந்திர் பள்ளிக்காகச் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்களைச் சேர்த்தனர். டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349. கிரிக்கெட் உலகின் கண்கள் அவ்விருவர்மீதும் ஊன்றிப் பதிவதற்கு அந்தப் பள்ளி ஆட்டமே பெருங்காரணமாயிற்று. பள்ளி தன் பிள்ளையைக் களத்தில் இறக்க, திறமையைத் தேடிச் சங்கம் அங்கே வரவேண்டும் என்பதுதான் இவ்வேற்பாட்டின் இயல்பான முறை.

இரண்டு பாதைகள்

இந்தியாவில் பள்ளி வயதுப் பிள்ளை விளையாட்டில் முன்னேறுவதற்கு இன்று இரண்டு பாதைகள் இணையாக ஓடுகின்றன. குழப்பம் முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளைவது.

முதலாவது, கல்வித்துறையின் பாதை. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை பாரதியார் தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில், ஒரு மாணவர் முதலில் தம் பள்ளி அடங்கிய குறுவட்ட அளவிலும், அதில் வென்றால் வருவாய் மாவட்ட அளவிலும், அதன்பின் மாநில அளவிலும் ஆடுகிறார். மாநில அணியில் இடம் பெற்றவர்கள், 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளுக்குச் செல்கின்றனர். இப்போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற மூன்று பிரிவுகளாக நடைபெறுகின்றன. மாநிலங்களைப் போலவே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், கேந்திரிய வித்யாலயா, நவோதய வித்யாலயா ஆகியவையும் அக்கூட்டமைப்பில் தனித்தனி அலகுகளாக இருப்பதால், மத்திய வாரியப் பள்ளி ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கு அவ்வாரியம் நடத்தும் போட்டிகளின் வழியாகவும் தேசிய அளவை எட்ட வாய்ப்புண்டு. இந்தப் பாதை நெடுகிலும் கேட்கப்படும் முக்கிய ஆவணங்கள், மாணவர் அப்பள்ளியில் படிப்பவர் என்பதற்குத் தலைமையாசிரியர் தரும் சான்றும், வயதுக்கான ஆதாரமும்தான்.

இரண்டாவது, சங்கங்களின் பாதை. ஊரில் உள்ள விளையாட்டுக் கழகம் மாவட்டச் சங்கத்தோடும், மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்தோடும், மாநிலச் சங்கம் தேசியச் சம்மேளனத்தோடும், அது உலக அமைப்போடும் இணைக்கப்பட்டிருக்கும். இவ்வாறு ஓர் அமைப்பு தனக்கு மேலுள்ள அமைப்போடு சேர்ந்திருப்பதை 'இணைப்பு' என்றும், தேசியச் சம்மேளனத்தை ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் ஏற்றுக்கொள்வதை 'அங்கீகாரம்' என்றும் குறிப்பிடுவர். இப்பாதையில் நடைபெறும் மாவட்ட, மாநில, தேசிய இளையோர் போட்டிகளில் பிள்ளைகள் பள்ளியின் பெயரால் ஆடுவதில்லை. மாவட்டத்தின் பெயரால், கழகத்தின் பெயரால், அல்லது தம் சொந்தப் பெயரால் ஆடுகின்றனர். தடகளம், நீச்சல், இறகுப்பந்து, மேசைப்பந்து போன்றவற்றில் தேசியச் சம்மேளனங்கள் ஒவ்வொரு வீரருக்கும் தனி அடையாள எண் வழங்குகின்றன. அந்த எண் இல்லாதவருக்கு அவற்றின் போட்டிகளில் இடமில்லை. சதுரங்கத்திலும் அப்படித்தான்: பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் யாரும் ஆடலாம்; ஆனால் உலகச் சதுரங்க அமைப்பின் தரப்புள்ளிகள் கணக்கிடப்படும் போட்டியில் ஆடுவதற்கு அதன் அடையாள எண் கட்டாயம்.

இவ்விரண்டுக்கும் வெளியே அரசே நடத்தும் போட்டிகளும் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர்களுக்கென்று தனிப்பிரிவு வைக்கப்பட்டுள்ளது. அதற்கான பதிவை ஆணையமே இணையவழியில் பெற்றுக்கொள்கிறது. கடல் கடந்து இலங்கையைப் பார்த்தாலும், கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் பாடசாலையின் பெயரால்தான் மாணவர்கள் வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக முன்னேறுகின்றனர்.

உறுப்பினர் ஒருவர், பதிவு பெற்றவர் வேறொருவர்

பிள்ளையை ஒரு சங்கத்தில் சேர்த்துவிட்டோம் என்று பெற்றோர் சொல்லும்போது, உண்மையில் நடந்தது என்ன என்பதை உற்று நோக்க வேண்டும். தமிழ்நாட்டின் மாவட்ட, மாநில விளையாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவை. அத்தகைய சங்கத்தில் உறுப்பினர் என்பவர், பொதுக்குழுவில் அமர்ந்து, கணக்கைக் கேட்டு, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் உரிமை உள்ளவர். மாவட்டச் சங்கங்களில் கழகங்களும் அவற்றின் பிரதிநிதிகளும், மாநிலச் சங்கங்களில் மாவட்டச் சங்கங்களும் அந்த இடத்தில் இருக்கின்றன. கட்டணம் கட்டி அடையாள எண் பெற்ற பிள்ளையோ 'பதிவு பெற்ற வீரர்' மட்டுமே. சங்கத்தின் ஒழுங்கு விதிகளும் தண்டனைகளும் அப்பிள்ளையைக் கட்டுப்படுத்துகின்றன. சங்கத்தை நடத்துவதில் அப்பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எந்தக் குரலும் இல்லை. கடமைகளை மட்டும் சுமந்து உரிமைகள் ஏதுமில்லாத இந்த நிலையில் ஒரு பள்ளிப் பிள்ளையை நிறுத்துவதற்கு முன், அது உண்மையிலேயே தேவையா என்று கேட்பது பெற்றோரின் கடமை.

சான்றிதழ் பற்றிய அச்சம்

சங்கத்தில் பதிவு செய்யாவிட்டால் எதிர்காலத்தில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்காது என்ற பேச்சு பரவலாக உள்ளது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் வரை ஒதுக்கப்படுவதால், இந்தப் பேச்சுக்குப் பெற்றோர் செவிசாய்ப்பது இயல்பே. ஆயினும் அரசு வகுத்துள்ள சான்றிதழ்ப் படிவங்களைப் பார்த்தாலே இந்த அச்சத்தில் பாதி கரைந்துவிடும்.

ஒன்றிய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிப்பதற்கான நெறிமுறைகளில், விளையாட்டுத் தகுதியை மெய்ப்பிக்கும் சான்றிதழ்கள் தனித்தனிப் படிவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நாட்டின் சார்பில் பன்னாட்டுப் போட்டியில் ஆடியவருக்கான படிவம் 1இல் தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். மாநிலத்தின் சார்பில் தேசியப் போட்டியில் ஆடியவருக்கான படிவம் 2இல் மாநிலச் சங்கத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவருக்கான படிவம் 3 பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆடியவருக்கான படிவம் 4இல் கையெழுத்திடுபவரோ, மாநிலக் கல்வி இயக்ககத்தில் பள்ளி விளையாட்டுகளுக்குப் பொறுப்பான இயக்குநரோ, கூடுதல், இணை, துணை இயக்குநர்களுள் ஒருவரோதான். படிவம் 4இன் எந்த மூலையிலும் சங்கச் செயலாளரின் கையெழுத்துக்கு இடமில்லை. பள்ளியின் பாதை தனித்து நிற்கும் பாதை என்பதையும், அதில் பெற்ற வெற்றிக்குக் கல்வித்துறையின் சான்றே போதும் என்பதையும் அரசே எழுத்தில் ஏற்றுக்கொண்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. கல்லூரிச் சேர்க்கையில் எந்தப் போட்டிக்கு எவ்வளவு மதிப்பெண் என்பது ஆண்டுதோறும் வெளியாகும் அறிவிப்பில் விரிவாகத் தரப்படுகிறது. பிறர் சொல்லைக் கேட்டுக் கட்டணம் கட்டுவதைவிட, அந்த அறிவிப்பைப் பெற்றோரே படித்துப் பார்ப்பது நல்லது.

சங்கப் பதிவு தேவைப்படும் இடம்

இவ்வளவு சொன்னதால் சங்கங்கள் வேண்டாதவை என்று பொருள் கொள்ளலாகாது. பள்ளிப் போட்டிகள் ஆண்டில் சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு நீச்சல் வீராங்கனையோ சதுரங்க வீரரோ ஆண்டு முழுவதும் தமக்கு நிகரானவர்களோடு மோதித் தேறுவதற்குச் சங்கங்களின் போட்டிகள்தான் களம் அமைக்கின்றன. வயதை மறைத்து ஆடுவோரைத் தடுக்கும் பணியிலும் சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்து வயதைக் கணிக்கும் முறையைக் கடைப்பிடிக்கிறது. நடுவர்களுக்குப் பயிற்சி தருவதும், சாதனைகளை முறையாகப் பதிந்து வைப்பதும், ஆசிய, உலக இளையோர் போட்டிகளுக்கு அணியைத் தேர்ந்தெடுப்பதும் தேசியச் சம்மேளனங்களின் பணிகளே; பள்ளிக் கல்வித்துறை இவற்றைச் செய்ய இயலாது. ஆகவே ஒரு பிள்ளை பள்ளி அளவைத் தாண்டி அந்த விளையாட்டிலேயே முன்னேற விரும்புகிறது என்பது பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் தெளிவானபோது, சங்கத்தில் பதிவு செய்வது தேவையான அடுத்த படியாகிறது. வாரத்தில் மூன்று மாலைகள் பந்தைத் துரத்தி, ஆண்டுக்கு ஒருமுறை குறுவட்டப் போட்டியில் ஆடும் பிள்ளைக்கு அந்தப் படி வேண்டியதில்லை.

இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காட்டாமல், பயிற்சி மையத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லாப் பிள்ளைகளிடமும் பதிவுக் கட்டணம் வாங்கும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. பத்து வயதுப் பிள்ளை ஒரு விளையாட்டைத் தொட்டுப் பார்த்து, பிடித்தால் தொடர்ந்து, பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறுவதற்கான உரிமை அதன் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கட்டணம், ஓர் அட்டை, ஓர் உறுதிமொழி என்று வைத்தால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே முதலில் மைதானத்தை விட்டு விலகுவார்கள்.

பெரியவர்களின் பூசல், பிள்ளைகளின் இழப்பு

பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சங்கங்களோடு பிணைக்கக் கூடாது என்பதற்கான வலுவான காரணம், சங்கங்களுக்கு இடையிலும் சங்கங்களுக்கு உள்ளும் நடைபெறும் பூசல்களில் காணக்கிடக்கிறது. இதற்குச் சதுரங்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனம், தன்னிடம் பதிவு செய்யும் வீரர்கள் தன் ஒப்புதல் இல்லாத எந்தப் போட்டியிலும் ஆடமாட்டோம் என்று உறுதியளிக்க வேண்டும் என வலியுறுத்தி வந்தது. போட்டி அமைப்பொன்று நடத்திய ஆட்டங்களில் கலந்துகொண்ட வீரர்கள்மீது தடை விதித்தது. அவர்களுடைய தரப்புள்ளிகளும் உலகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட வீரர்கள் சிலர் தொடுத்த முறையீட்டை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், அதாவது சந்தையில் மேலாதிக்கம் உள்ளவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்ட அமைப்பு, 2018ஆம் ஆண்டு ஜூலையில் சம்மேளனத்தின் நடத்தை தவறு என்று தீர்மானித்து, ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விளையாட்டின் ஒழுங்கைக் காப்பதற்குச் சம்மேளனத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வீரர் எங்கே ஆடலாம், எங்கே ஆடக்கூடாது என்று காரணமின்றித் தடுக்கும் அளவுக்கு அந்த அதிகாரம் நீளாது என்பதே அந்த ஆணை உணர்த்தும் நெறி.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, இந்தியச் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு இருப்பதாகக் கூறி அதை இடைநீக்கம் செய்தபோது, அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் நடைபெறவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையே கேள்விக்குறியாயிற்று. இரு வாரங்களுக்குள் தடை விலகியதால் போட்டி நடந்தது. விலகாமல் இருந்திருந்தால், நிர்வாகிகளின் தகராறுக்கு உள்ளூரில் உலகக் கோப்பை ஆடும் வாய்ப்பையே அந்தச் சிறுமியர் விலையாகக் கொடுத்திருப்பார்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் புதிதாகத் தேர்வான மல்யுத்தச் சம்மேளன நிர்வாகத்தை ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் மூன்றே நாளில் இடைநீக்கம் செய்தது. 15 வயதுக்கும் 20 வயதுக்கும் உட்பட்டோருக்கான தேசியப் போட்டிகளைப் போதிய அவகாசமின்றி அவசரமாக அறிவித்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்த இடைநீக்கம் 2025ஆம் ஆண்டு மார்ச்சில்தான் விலக்கப்பட்டது. வயதுப் பிரிவில் ஆடும் பிள்ளைக்கு இப்படிக் கழியும் ஓராண்டு திரும்பக் கிடைக்காத ஓராண்டு.

கல்வித்துறையின் பாதையும் குறையற்றதன்று என்பதை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் தமிழ்நாட்டு மாணவர்கள் கலந்துகொள்ள முடியாமல் போனது, அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பணி துறையின் அளவில் உரிய காலத்தில் நடைபெறாததால்தான். 2017ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் நடந்த பசிபிக் பள்ளி விளையாட்டுகளுக்கு இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் வழியாகச் சென்ற கால்பந்து அணியின் மாணவி ஒருவர், போட்டிகள் முடிந்தபின் கடற்கரையில் அலையில் சிக்கி உயிரிழந்தார். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் எவராயினும், அவர்களுடைய பாதுகாப்புக்கும் காலந்தவறாத தேர்வுக்கும் முழுப்பொறுப்பு ஏற்றாக வேண்டும் என்பதையே இவ்விரு நிகழ்வுகளும் வலியுறுத்துகின்றன.

சட்டம் தரும் துணை

இந்திய அரசமைப்பில் விளையாட்டு மாநிலப் பட்டியலிலும், கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. பள்ளி விளையாட்டு இவ்விரண்டும் சந்திக்கும் இடம். எனவே அதைக் காப்பது முதற்கண் அரசின் கடமை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்றும், விளையாட்டுக் கருவிகள் வழங்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. திடலும் கருவியும் பிள்ளைக்கு உரிமையாகத் தரப்பட்டபின், அவற்றைப் பயன்படுத்துவதற்கு வெளியமைப்பு ஒன்றின் அட்டையைக் கேட்பது அச்சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துள்ளது. ஆகையால் சங்கத்தின் படிவத்தில் பிள்ளை இடும் கையெழுத்துக்கு வலிமை இல்லை. பெற்றோரின் கையெழுத்தைச் சங்கங்கள் வற்புறுத்திக் கேட்பதும் இதனால்தான். வேறு போட்டிகளில் ஆடமாட்டேன் என்பது போன்ற வாசகம் படிவத்தில் இருந்தால், அதைப் படிக்காமல் கையெழுத்திடும் பெற்றோர் தம் பிள்ளையின் வாய்ப்புகளைத் தாமே சுருக்கிவிடுகின்றனர். பிறப்புச் சான்று, ஆதார் நகல், புகைப்படம் ஆகியவற்றைக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசியச் சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் அளிப்பதற்கு ஒரு வாரியத்தையும், தகராறுகளைத் தீர்ப்பதற்கு ஒரு தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வகை செய்கிறது. பெண்களையும் சிறாரையும் காக்கும் பாதுகாப்புக் கொள்கையையும், குறைகேட்பு முறையையும் அது வலியுறுத்துகிறது. தேசிய அளவில் தொடங்கும் இந்த ஒழுங்கு, பிள்ளைகள் நேரடியாகச் சந்திக்கும் மாவட்டச் சங்கங்கள்வரை வந்து சேர்ந்தால்தான் அச்சட்டத்தின் பயன் வீடுகளுக்கு எட்டும்.

செய்ய வேண்டியவை

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. பிள்ளையின் பெயரைக் கொடுக்குமுன், போட்டியை நடத்துபவர் கல்வித்துறையா, விளையாட்டு மேம்பாட்டு ஆணையமா, சங்கமா என்பதைக் கேட்டறிய வேண்டும். முதலிரண்டில் ஒன்றாயின், சங்கத்தின் அடையாள எண் கேட்கப்படுவதற்கான எழுத்துமூல விதியைக் காட்டுமாறு பணிவோடும் உறுதியோடும் கேட்க வேண்டும். சங்கம் நடத்தும் போட்டியாயின், அச்சங்கம் மாநிலச் சங்கத்தோடு இணைப்புப் பெற்றதா, அந்த மாநிலச் சங்கம் அங்கீகாரம் பெற்ற தேசியச் சம்மேளனத்தோடு இணைந்ததா என்று சம்மேளனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய பணத்துக்கு ரசீது பெறுவதும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வைத்துக்கொள்வதும் எந்நாளும் உதவும்.

உடற்கல்வி ஆசிரியர்களின் பொறுப்பு இன்னும் பெரிது. பல பள்ளிகளில் அவர்கள் ஒருபுறம் மாணவர்களுக்கு ஆசிரியர்களாகவும், மறுபுறம் மாவட்டச் சங்கங்களில் நடுவர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருக்கின்றனர். அவர்களுடைய அனுபவம் சங்கங்களுக்கு வலிமை சேர்க்கிறது என்பது உண்மை; ஆயினும் பள்ளி அணியைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், சங்கத்தில் பதிந்த பிள்ளைக்கும் பதியாத பிள்ளைக்கும் இடையே வேறுபாடு காட்டாமல் திறமையை மட்டும் பார்ப்பதே அவர்கள் வகிக்கும் பொறுப்புக்கு அழகு. கல்வித்துறையும் தன் பங்குக்கு, பள்ளிப் போட்டிகளில் பங்கேற்கச் சங்கப் பதிவு தேவையில்லை என்பதை ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் சுற்றறிக்கையாக வெளியிட்டு, அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டச் செய்தால், பெரும்பாலான குழப்பம் அன்றே தீரும்.

பள்ளி விளையாட்டில் பிள்ளையின் இடத்தை உறுதி செய்வது பள்ளியின் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர். அதற்கு மேல் உயர விரும்பும் பிள்ளைக்குச் சங்கம் கதவைத் திறந்து வைக்கட்டும். விளையாடினால் போதும் என்று மைதானத்துக்கு வரும் பிள்ளையிடம் எந்தச் சங்கமும் அட்டையைக் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்பவர்களிடம் விதியைக் காட்டச் சொல்லும் துணிவு ஒவ்வொரு பெற்றோருக்கும் வரவேண்டும்.